ஒரு தலையணை அகலம்

ஆம்பூர்த் தோல் கம்பெனி ஒன்றில் முப்பத்தொன்பது வருடம் ட்ரம் ஓட்டி ஓய்வுபெற்ற தேவசகாயமாகிய நான், இதில் வருகிற ஒவ்வொரு வார்த்தையும் உண்மை என்று வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். சத்தியம் செய்யக் கூடாது என்று அதே புத்தகத்துக்குள் இருப்பதாக என் மனைவி அமிர்தவள்ளி அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கிறாள். அதனால் புத்தகத்தைத் திறக்கவில்லை. அட்டைமேல் மட்டும் கை வைத்திருக்கிறேன்.

ட்ரம் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆள் உயரத்துக்கு மரப் பீப்பாய். படுத்த வாக்கில் இருக்கும். முன்னூறு ஆட்டுத்தோலும் தண்ணீரும் மருந்தும் போட்டுக் கதவைச் சாத்தி சுவிட்சைத் தட்டினால் மணிக்கணக்காகச் சுற்றும். நின்றபிறகு உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் தோலை இழுத்துப் போட ஓர் ஆள் குனிந்து நுழைய வேண்டும். நுழைவதற்கு முன்னால் அவன் சுவரில் இருக்கும் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். வெள்ளைப் பீங்கான் கட்டை, நடுவில் செம்புக் கம்பி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. அது பையில் இருக்கும்வரை முதலாளியே வந்தாலும் அந்த ட்ரம்மைச் சுற்ற முடியாது. கம்பெனி விதிகளில் இது எழுதப்படவில்லை. ஆனால் சம்பளம் வாங்க மறந்தவன் உண்டு, கட்டையைப் பிடுங்க மறந்தவன் கிடையாது.

தொண்ணூற்றொன்றில் ஒரே ஒரு தடவை நான் மறந்தேன். வெளியே இருந்தவன் சுவிட்சைப் போட்டுவிட்டான். பன்னிரண்டு நிமிடம் முன்னூறு தோலோடு சேர்ந்து சுற்றினேன். வெளியே எடுத்தபோது முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. தோலைத் தரம் பிரிக்கும் ரஃபி அகமது என் கன்னத்தைக் கிள்ளி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "முதல் தரம்" என்று நெற்றியில் சாக்கட்டியால் குறி போட்டான். இத்தாலிக்குப் போகும் தோல் கட்டோடு என்னைச் சேர்த்துவிட்டார்கள். சாப்பாட்டு மணி அடித்ததால் எழுந்து வந்தேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குப் பயம் என்பது கிடையாது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இது பயந்த ஒருவருடைய கதை. அது அமிர்தவள்ளி.

அவள் இருபத்தாறு வருடம் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தவள். ஊசி விரலில் ஏறினாலும் வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு அடுத்த ஜோடியை எடுப்பாள். அப்படிப்பட்டவள் போன ஆகஸ்டில் பேக்கரி வாசலில் பன்னும் கையுமாகத் தலைசுற்றி விழுந்தாள். மறு வாரம் கோயிலில் விழுந்தாள். மூன்றாவது முறை எங்கேயும் விழாமல், நின்ற இடத்திலேயே எந்தப் பக்கம் வீடு என்று மறந்துபோனாள். வேலூருக்குப் போனோம்.

டாக்டரம்மா சின்ன வயது, பேச்சு நிதானம். "தலைக்குள்ள ஒண்ணு இருக்கிற மாதிரி இருக்கு. அது சும்மா இருக்கிறதா, வளர்றதான்னு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். முப்பத்தஞ்சு நிமிஷம் ஆடாம படுக்கணும்."

"தூங்க வெச்சு எடுத்துடுங்களேன் டாக்டர்" என்று கேட்டோம்.

"இதயம் தாங்காது. முழிச்சிக்கிட்டேதான் படுக்கணும். வளர்றதா இருந்தா நாம சீக்கிரம் பார்க்கணும். அதனால தள்ளிப்போடாதீங்க."

ஆக, விஷயம் இவ்வளவுதான். ஒரு மனுஷி முப்பத்தைந்து நிமிடம் சும்மா கிடந்தால் பிழைக்க வழி தெரியும். இதைவிடச் சுலபமான வேலையை எந்தக் கம்பெனியும் யாருக்கும் கொடுத்ததில்லை.

ஸ்கேன் எடுக்கிற இடத்தில் நவநீதன் என்று ஒரு தம்பி. கலவை ஊர்க்காரர். ரொம்ப மரியாதை. மெஷினைப் பார்த்தேன். படுத்த வாக்கில் பெரிய வட்டம், நடுவில் பொந்து. நானும் அமிர்தவள்ளியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வெள்ளை பெயிண்ட் அடித்திருந்தார்களே தவிர, அது ட்ரம்தான்.

தலைக்கு மேல் ஒரு கூண்டை மாட்டி, கையில் ரப்பர் உருண்டையைக் கொடுத்து, "பயமா இருந்தா இதை அமுக்குங்க, உடனே வெளிய எடுத்துடுவேன்" என்றார் நவநீதன். பலகை உள்ளே நகர்ந்தது. தோள்வரை போவதற்குள் உருண்டை அமுங்கிவிட்டது. அமுங்கியது மட்டும் இல்லை, வெடித்தது. அதன் சத்தம் குடியாத்தம் வரைக்கும் கேட்டு அங்கே ஒரு தறிக்காரர் நாடாவைத் தவறவிட்டார் என்று பிற்பாடு தெரிந்தது.

"இன்னா ஆச்சு?" என்றார் நவநீதன்.

"ஃபியூஸ் கட்டை எங்க இருக்கு?" என்று பொந்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எந்தக் கட்டை?"

"இந்த மெஷினுது. புடுங்கி என் கையில குடு. அப்புறம் உள்ள போறேன்."

"அதைப் புடுங்கிட்டா மெஷின் ஓடாதே."

"அதுக்குத்தான் கேக்கறேன்."

நவநீதன் கூண்டைச் சரிசெய்தார். "தாத்தா, கையை உள்ள வைங்க, இன்னொரு தடவை பாக்கலாம்" என்றார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததால் என்னிடம் சொன்னார். அன்றைக்கு அத்தோடு திரும்பிவிட்டோம். பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டும்வரை இரண்டு பேரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தோம்.

ஷூ தைத்த மனுஷிக்கு ட்ரம்காரன் வழக்கம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். நாற்பத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தால் என் துண்டை அவள் எடுத்துக்கொள்வாள், என் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொள்வாள். பயத்தையும் எடுத்துக்கொண்டாள். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

மறுநாள் ரஃபி அகமது வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வழி தெரியும்.

"இதுக்கா பேஜார் ஆயிட்டீங்க? எங்க யூனுஸ் நபி, உங்க யோனா, மீன் வயித்துல இல்லியா? மூணு இருட்டு தோஸ்த். ராத்திரி ஒரு இருட்டு, கடல் ஒரு இருட்டு, வயிறு ஒரு இருட்டு. சும்மா துவா பண்ணிக்கிட்டு கெடந்தாரு. மீன் தானா வெளிய உட்டுச்சு. அதை நெனச்சிக்க வேண்டியதுதான்."

"அவர்கிட்ட ரப்பர் உருண்டை இருந்துச்சா பாய்?" என்று கேட்டாள் அமிர்தவள்ளி.

"இல்லம்மா."

"அதான் கெடந்தாரு. வேற வழி?"

ஆனாலும் ஒத்திகை பார்த்தோம். கட்டிலுக்கு அடியில் பாய் விரித்து, தலையில் காய்கறிக் கூடையைக் கவிழ்த்துப் படுக்கவைத்தோம். மீன் வயிற்றுச் சத்தத்துக்காக ரஃபி மிக்சியைப் போட்டான். ஒத்திகை நான்கு நிமிடம் நடந்தது. ஐந்தாவது நிமிடத்தில் கட்டில் தரையிலிருந்து ஓர் அடி எழும்பி, ஜன்னல் பக்கமாக நகர்ந்து இறங்கியது. அது இன்னமும் ஜன்னல் பக்கம்தான் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

"மீன் சரிப்படாது" என்றான் ரஃபி, மிக்சியை நிறுத்திவிட்டு. "உள்ள போனவன் எப்ப வெளிய வருவோம்னு எண்ணிக்கிட்டே கெடப்பான்."

இரண்டாவது தடவை போனபோது வாசலில் நவநீதன் ஒரு கருவியை உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தார். உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாதாம், மெஷின் காந்தமாம். கருவி இடுப்புப் பக்கம் வந்ததும் அலறியது. ஆஸ்பத்திரிச் சட்டையின் மடிப்பிலிருந்து வெள்ளைப் பீங்கான் கட்டை ஒன்று வெளியே வந்தது.

நவநீதனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இது எங்கிருந்து எடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் மின்சார அறைக்கு ஓடினார். மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். "எங்களுது எல்லாம் சரியாத்தான் இருக்கு. இது யாருது?"

அது எங்கள் வீட்டுடையது. ஆம்பூரில் அந்த நேரம் எங்கள் ஃபிரிட்ஜ் நின்று, முந்தின நாள் மீன் குழம்பு கெட்டுக்கொண்டிருந்தது. ஏதாவது ஒரு கட்டை பையில் இருந்தால் போதும் என்று தோன்றியிருக்கிறது. கையில் கட்டை இல்லாமல் அன்றைக்கும் முடியவில்லை. தோள்வரை போகவில்லை, கழுத்துவரைகூடப் போகவில்லை.

டாக்டரம்மா கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "வெள்ளிக்கிழமை கடைசி தடவை பார்ப்போம். முடியலேன்னா, உள்ள என்ன இருக்குன்னு தெரியாமலேதான் மருந்து எழுதணும். எனக்கு அது பிடிக்கல" என்றார்.

வியாழக்கிழமை மதியம். சாப்பிட்டு முடித்தாகிவிட்டது. ஜன்னல் பக்கம் போன கட்டிலில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். நான்தான் வேதப்புத்தகத்தை எடுத்தேன். புயலில் மாட்டிக்கொண்ட படகின் கதையைத் திறந்தேன். அறுபது வருடமாகப் பிரசங்கத்தில் கேட்ட கதை. காற்று அடிக்கிறது, படகில் தண்ணீர் ஏறுகிறது, ஆண்டவர் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார், சீடர்கள் எழுப்புகிறார்கள், அவர் காற்றை அதட்டுகிறார், அமைதி. எங்கள் சபை ஐயர் இந்த இடத்தில் எப்போதும் கையைத் தூக்கிக் காட்டுவார்.

"இதான் தெரியுமே" என்று முணுமுணுப்பு வந்தது.

"மெதுவாப் படி. காத்தை அதட்டறதுக்கு முன்னாடி அவர் இன்னா பண்ணிக்கிட்டு இருந்தாரு?"

"தூங்கிக்கிட்டு இருந்தாரு."

"அப்ப புயல் அடிச்சிச்சா இல்லியா?"

"அடிச்சிச்சு."

"தண்ணி ஏறிச்சா?"

"ஏறிச்சு. அதுக்கு இன்னா?"

"அப்படின்னா அதட்டறதுக்கு முன்னாடியே அந்தப் படகுல ஒரு இடத்துல அமைதி இருந்திருக்கு. புயல் அடிக்கும்போதே இருந்திருக்கு. பன்னண்டு பேரும் படகு முழுக்க ஓடறாங்க, கத்தறாங்க. அந்த இடத்துக்கு மட்டும் யாரும் போகல."

வெளியே ஷூ கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது.

"எவ்ளோ பெரிய எடம் அது?"

"ஒரு தலையணை அகலம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோ போதும். படகு எங்கியோ கடல்ல இல்ல. இங்க இருக்கு." கை நெஞ்சுக்கூட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. "ஓடறவங்க, கத்தறவங்க, தண்ணி, எல்லாம் இதுக்குள்ள. பின்பக்கமா, ஆழத்துல, அவரும் இதுக்குள்ளதான் தூங்கறாரு. நீ பொறந்ததுலேர்ந்து தூங்கறாரு. நாளைக்குப் போய் அவரை எழுப்பாத."

"எழுப்பாம?"

"எழுப்பினா எதுக்குப் பயந்தேன்னு கேப்பாரு. நமக்குப் பதில் சொல்லத் தெரியாது. சத்தம் போடாம பக்கத்துல போய்ப் படுத்துக்க."

"எடம் பத்தாதே."

"நகந்து குடுப்பாரு. நல்ல மனுஷன்."

அப்போதுதான் அந்த அழுகை வந்தது. வயதானவர்கள் அழும் அழுகை, சத்தம் ஜாஸ்தி இல்லாமல் தோள் மட்டும் குலுங்குவது. தொண்ணூற்றொன்றில் சுற்றியது பன்னிரண்டு நிமிடம் இல்லை, அரைச் சுற்று என்று அப்போது வெளியே வந்தது. ரஃபிதான் ஓடிவந்து சுவிட்சை அணைத்தான். அரைச் சுற்றில் தலை கீழே போய், ஈரத்தோல் மூட்டை மேலே விழுந்து, இருட்டில், யாருக்காவது தெரியுமா தெரியாதா என்று காத்துக் கிடந்தது மட்டும்தான். ஆனால் அது முப்பது சொச்சம் வருடமாக முடியவில்லை. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. அமிர்தவள்ளிக்கு எப்படித் தெரியும் என்றால், சொன்னேனே, என் பொருளை எல்லாம் அவள் எடுத்துக்கொள்வாள் என்று.

முகத்தைத் துடைத்தபிறகு ஒரே ஒரு கேள்வி பாக்கியிருந்தது. "ஃபியூஸ் கட்டை?"

"அவர்கிட்ட இருக்கு. தலையணைக்கு அடியில. இல்லேன்னா அந்தப் புயல்ல எவனுக்குத் தூக்கம் வரும்?"

வெள்ளிக்கிழமை ரஃபியும் தொழுகையை முடித்துக்கொண்டு அங்கேயே வந்துவிட்டான். வாசலில் நவநீதன் கருவியோடு நின்றார். "இன்னிக்குக் கட்டை ஏதாவது?"

"இருக்கு. ஆனா உன் மெஷினுக்குத் தெரியாது."

கருவி அலறவில்லை. துணைக்கு ஒருவர் கூட இருக்கலாம் என்றார்கள். நான் என் மோதிரத்தையும் பெல்ட்டையும் கழற்றிவிட்டுக் காலடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவள் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டேன். பலகை நகர்ந்தது. கால் கட்டைவிரலைப் பிடித்திருந்த கையின் ஆட்காட்டி விரல் நுனியில், ஊசி ஏறி ஏறிக் காய்த்துப்போன இடம் சொரசொரவென்று பட்டது. அப்படி என்று அவள் பிறகு சொன்னாள்.

சத்தம் ஆரம்பித்தது. முதலில் யாரோ கதவைத் தட்டுவது போல. பிறகு இரும்புத் தகட்டில் உளி வைத்து அடிப்பது போல. பிறகு ட்ரம்மேதான், அதன் கரகரப்பு, அதன் தாளம் எல்லாம் அப்படியே. கண்ணை மூடினால் பன்னிரண்டு பேர் படகில் ஓடினார்கள். அத்தனை பேருக்கும் ஒரே முகம். ஒருவன் கத்தினான், ஒருவன் தண்ணீரை வாரி இறைத்தான், ஒருவன் ரப்பர் உருண்டையைத் தேடினான். அவர்களை யாரும் அடக்கவில்லை, ஓடட்டும் என்று விட்டாயிற்று. அவர்கள் நடுவே தவழ்ந்து, பின்பக்கமாக, கீழே, இன்னும் கீழே போனால் அங்கே மெய்யாகவே ஒருவர் சுருண்டு படுத்திருந்தார். நாள் முழுக்க நடந்த மனிதனின் களைப்பு. சட்டையில் மீன் வாசனை. எழுப்பவில்லை. பக்கத்தில் படுத்ததும், கண்ணைத் திறக்காமலே, தலையணையில் பாதியைத் தள்ளிக் கொடுத்தார். மூச்சு ஏறி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் இரண்டு மூச்சும் ஒன்றாக ஏறி இறங்கியது. சத்தம் நிற்கவில்லை. ஆனால் அது வேறு யாரோ வீட்டுச் சத்தமாகிவிட்டது.

இந்த இடத்தில் நான் மிகவும் கவனமாக எழுத வேண்டும், ஏனென்றால் நடந்ததைக் குறைத்துச் சொல்லி எனக்குப் பழக்கம். அந்த அமைதி ஒரு தலையணை அகலத்தில் நிற்கவில்லை. அறையை நிறைத்துக்கொண்டு கதவிடுக்கு வழியாக வெளியே போனது. காத்திருக்கும் இடத்தில் டோக்கன் பலகை நாற்பத்தேழில் நின்றது, நாற்பத்தெட்டாம் நம்பர்காரர் சண்டை போடவில்லை. வாசல் வேப்பமரத்துக்கு மேலே ஒரு காக்கை சிறகை விரித்தபடி காற்றில் அப்படியே நின்றது. மாதனூரில் கம்பெனி பஸ்ஸின் எஞ்சின் அணையாமலே சத்தத்தை நிறுத்திக்கொண்டது, ஐம்பது பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள், வருகைப் பதிவு மெஷின் அவர்களுக்காகக் காத்திருந்தது. ஆம்பூரில் பிரியாணி அண்டாவைத் திறந்தபோது ஆவி தூணாக நின்றது, அதைச் சுற்றிப்போய்த்தான் பரிமாற வேண்டியிருந்தது. இதற்கெல்லாம் ரஃபி சாட்சி. அவன் வேலூரில் காத்திருப்பு நாற்காலியில் இருந்தபடியே அத்தனையையும் பார்த்தான்.

முப்பத்தைந்து நிமிடம் முடிந்து பலகை வெளியே வந்தது. கூண்டைக் கழற்றிய நவநீதன், "ஒரு இம்மி ஆடல. ஆனா குறட்டை. பதினோரு வருஷ சர்வீஸ்ல இந்த மெஷினை மிஞ்சின சத்தத்தை இன்னிக்குத்தான் கேக்கறேன்" என்றார்.

டாக்டரம்மா படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். உள்ளே பட்டாணி அளவில் ஒன்று இருந்தது. அது வளர்கிற ஜாதி இல்லை, ரொம்ப நாளாகச் சும்மா இருக்கிற ஜாதி. "இது பாட்டுக்குத் தூங்குது. நாம எழுப்ப வேணாம். மாத்திரை போதும்" என்றார். அவருக்கு நாங்கள் வியாழக்கிழமை படித்தது தெரியாது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்தது. ரஃபி பின்சீட்டிலிருந்து எட்டி, "எப்பிடி தோஸ்த், எங்க மீன் நல்லா வேலை செஞ்சுதா?" என்று கேட்டான்.

"மீன் வாசனை மட்டும் வந்துது பாய்" என்று பதில் போனது. அமிர்தவள்ளி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் அவள் தோளில் ஒரு தலை சாய்ந்து தூங்கிவிட்டது. அவள் மாதனூர்வரை தோளை அசைக்கவில்லை.

அந்த ஸ்கேன் ரிப்போர்ட் எங்கள் பீரோவில் இருக்கிறது, அதன் முதல் வரியில் நோயாளியின் பெயர் தேவசகாயம், ஆண், வயது எழுபத்துமூன்று என்று அச்சிட்டிருக்கிறது.